மார்பகக் குறைப்பு அறுவைக்குப் பின் தையல் பிரியாமல் ஆற

மார்பகக் குறைப்பு அறுவையில் தையல் பெரும்பாலும் நங்கூர வடிவில் அமையும்: காம்பைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து கீழிறங்குவது ஒன்று, அடிமடிப்பை ஒட்டிக் குறுக்கே ஒன்று. பின்னிரண்டும் சந்திக்கும் முனையில்தான் தோல் மிகவும் இழுபட்டு, இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும் என்பதால், புண் பிரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும். நேரே நின்று பார்த்தால் அது தெரியாது. கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துத் தினமும் பாருங்கள்.

தையலைக் காக்கும் வேலை அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் புகையிலை கூடாது. மதுரைப் பக்கத்தில் வெற்றிலையோடு புகையிலை போடுவதைப் பல பெண்கள் ஒரு பழக்கமாகவே கருதுவதில்லை. மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரையும் இரத்தசோகையும் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது பத்தியம்தான். முட்டையும் மீனும் பருப்பும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு தடுப்பார்கள். ஆனால் புதுத் தோல் வளரப் புரதம்தான் வேண்டும், ரசஞ்சோறு மட்டும் போதாது. சிறுநீரக நோய் இல்லாதவர்கள் இவற்றைத் தாராளமாக உண்ணலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் அடிமடிப்பில் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். தேதியைத் தேர்ந்துகொள்ள முடிந்தால் மார்கழி, தை நல்லது. மருத்துவர் அனுமதித்த பின்னரே குளித்து, துவைத்த பருத்தித் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மின்விசிறியின் கீழ் மடிப்பு முழுதும் உலரும்வரை அமர்ந்திருங்கள். கண்மாயிலும் கிணற்றிலும் குளிக்க வேண்டாம். கம்பியில்லாத, முன்பக்கம் திறக்கும் உள்ளாடையை மருத்துவர் சொன்ன காலம் முழுதும் அணிந்து, வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

4 முதல் 6 வாரங்கள் தண்ணீர்க் குடம் தூக்குவதும், குழந்தையை இடுப்பில் ஏற்றுவதும், மேலூர் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் தையலை இழுக்கும். மல்லாந்தே படுங்கள்.

அந்த முனையில் சிறிது பிரிந்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் கட்டு மாற்றி வந்தாலே சில வாரங்களில் ஆறிவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் தடவாதீர்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, காம்பு கருத்தாலோ, சிவப்பு பரவினாலோ, நாற்றமடிக்கும் சீழ் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல், இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனைக்கே புறப்படுங்கள்.