ஐந்து சீட்டுப் போக்கர்: எதைக் கழிப்பது, எப்போது ஃபோல்ட் செய்வது

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் 304 ஆடித்தான் சீட்டுப் பழகியிருப்பார்கள். அதில் ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20 புள்ளி. ஆட்டம் தொடங்கிவிட்டால் கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஆடியே தீரவேண்டும். போக்கரிலோ ஏஸ், ராஜா, ராணி ஆகியவற்றுக்குக் கீழேதான் ஜாக்கி நிற்கிறது; பிடிக்காத கையை இடையிலேயே விட்டுவிடவும் முடியும், அதுதான் ஃபோல்ட்.

முதலில், நெருப்புக்குச்சிகளைப் பந்தயமாக வைத்துப் பழகுங்கள். ஆடி மழையில் நமுத்துப் பற்றாமற்போன குச்சிகள் இதற்காவது உதவட்டும். ஆளுக்கொரு குச்சியை நடுவில் வைத்தபின் ஐந்து சீட்டுகள் பகிரப்படும். ஒரு பந்தயச் சுற்று முடிந்ததும் வேண்டாதவற்றைக் கழித்து, அதே எண்ணிக்கையில் புதியவற்றை வாங்கி, மறுபடியும் பந்தயம் கட்டுவார்கள்.

அடுத்து, கழித்தல். கையில் இரண்டு எட்டு, ஓர் ஏஸ், உதவாத இரண்டு சீட்டுகள் இருந்தால், புதியவர்கள் ஏஸை விட மனமின்றி இரண்டை மட்டும் கழிப்பார்கள். அப்போது கை முன்னேறும் வாய்ப்பு சுமார் 26 வீதம். ஏஸையும் சேர்த்து மூன்றைக் கழித்தால் சுமார் 29 வீதம். ஒரே எண்ணில் மூன்று இருந்தால் மற்ற இரண்டையும், இரண்டு ஜோடி இருந்தால் ஐந்தாவதையும் கழியுங்கள்.

ஃபோல்ட் செய்வதா என்ற கேள்வி கழிப்பதற்கு முன்னரே எழும். உங்களிடம் நான்கு ஆர்ட்டின் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காணாத 47 சீட்டுகளில் ஆர்ட்டின் ஒன்பதுதான். ஆகவே ஏறத்தாழ ஐந்து தடவைக்கு ஒரு தடவையே ஃபிளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனமான கை, அமையும். எதிராளியின் பந்தயத்தோடு நடுவில் 15 குச்சிகள் இருக்க, நீங்கள் 5 கட்டவேண்டுமானால், நான்கு தடவை தோற்று 20 இழந்து, ஒரு தடவை வென்று 15 பெறுவீர்கள். அங்கே ஃபோல்ட் செய்வதே சரி. நடுவில் 30 இருந்தால் தாராளமாகத் தொடரலாம். அந்தச் சுற்றில் ஒருவரும் பந்தயம் கட்டாதிருக்கும்போது ஃபோல்ட் செய்வது வீண். செக் என்று சொல்லி இலவசமாகவே நீடிக்கலாம்.

ஃபோல்ட் செய்யும்போது உங்கள் முறை வரும்வரை காத்திருந்து, சீட்டுகளைக் கவிழ்த்தபடி நடுப்பக்கம் தள்ளிவிடுங்கள். முந்திக்கொண்டு வைத்தால், உங்களுக்கு முன் ஆடவேண்டியவருக்கு ஒரு போட்டியாளர் குறைந்தது தெரிந்துவிடும். கழித்த குவியலைப் பிறகு புரட்டிப் பார்க்க வேண்டாம். என் மாமா பார்ப்பார், அதனால்தான் அவர் வந்தால் நாங்கள் மறுபடியும் 304 ஆடுகிறோம்.