முதல் வாட்டர் கூலிங் லூப்: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

வாட்டர் கூலிங் லூப் என்பது ஒரு சுற்று: பம்ப் ஓட்டும் நீர், பிராசஸர் மீதும் கிராஃபிக்ஸ் கார்டு மீதும் உட்காரும் வாட்டர் பிளாக் என்ற உலோகக் கட்டிகளில் வெப்பத்தை வாங்கி, ஃபேன் பொருத்திய ரேடியேட்டரில் அதைக் காற்றுக்கு விட்டுவிட்டுத் திரும்பும். கணினிக்கான இந்த வாட்டர் கூலிங்கைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கி அமைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது வண்ண நீரையும் விளக்குகளையும்தான். ஆனால் முதலில் எழுதி வைக்க வேண்டியது ஓர் எண்: அந்தக் கணினி முழு வேலையில் எத்தனை வாட் வெப்பத்தை வெளியிடும் என்பது. ரேடியேட்டரின் அளவு அந்த எண்ணிலிருந்து பிறக்கிறது. ரேடியேட்டரைத் தாங்கும் கேபினெட்டும், மிச்சப் பணத்தில் வாங்கும் மற்றவையும் அதன் பின்னால் வருகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பிடித்த கேபினெட்டை வாங்கிவிட்டு அதற்குள் அடங்கும் ரேடியேட்டரைத் தேடுவதுதான் முதல் முயற்சியில் பணம் வீணாவதற்கு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸரும் ஆர்.டி.எக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். பிராசஸருக்கு அதிகபட்சமாக 162 வாட், கார்டுக்கு 320 வாட், ஆக மொத்தம் 482 வாட். ஃபேன்கள் இரைச்சலில்லாமல் சுழலும்போது, 120 மி.மீ. ஃபேன் ஒன்று மூடும் ரேடியேட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 100 வாட் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. அப்படியென்றால் ஐந்து ஃபேன் பரப்பு தேவை, 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு வைத்தால் ஆறு கிடைக்கும். பிராசஸருக்கு மட்டும் லூப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வகைப் பிராசஸரில் மிகச் சிறிய சில்லிலிருந்து வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால், நல்ல ஏர் கூலரை விட லூப் தரும் ஆதாயம் குறைவு. வெப்பநிலையும் இரைச்சலும் கண்கூடாகக் குறைவது கிராஃபிக்ஸ் கார்டில்தான்.

நீரின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் போகாது. ஏசி இல்லாத அறையில் மே மாதம் 35 டிகிரி இருந்தால், பரப்பு போதுமான லூப்பில்கூட நீர் 45 டிகிரியைத் தொடலாம். பரவலாகப் பயன்படும் டி5 பம்ப் 60 டிகிரி வரை தாங்கக்கூடியது. பெட்-ஜி என்ற கடினப் பிளாஸ்டிக் குழாய்களோ சூடு ஏற ஏற இளகத் தொடங்குபவை. ஆகவே நம் ஊர்களில் லூப் அமைப்பவர்கள் ரேடியேட்டர் பரப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ரேடியேட்டரின் பருமனை விட முகப்பரப்பே முக்கியம். 60 மி.மீ. பருமனுள்ள ஒற்றை ரேடியேட்டர், 30 மி.மீ. பருமனுள்ள இரண்டுக்கு ஈடாகாது. 30 மி.மீ. ரேடியேட்டருடன் 25 மி.மீ. ஃபேனும் சேரும்போது 55 மி.மீ. ஆகிறது, கேபினெட்டின் மேற்புறத்தில் அந்த இடம் மதர்போர்டின் ஹீட் சிங்கையும் ரேமையும் இடிக்காமல் இருக்கிறதா, முன்புறத்தில் கார்டின் நீளம் போக மிச்சம் இருக்கிறதா என்று அளவுநாடாவை வைத்தே பார்க்க வேண்டும். ஃபேன்கள் காற்றை ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்கிடையே தள்ளும் அழுத்தம் உள்ளவையாக இருக்கட்டும். அவற்றைப் பொருத்த ரேடியேட்டருடன் வரும் திருகுகளையே பயன்படுத்துங்கள்: நீளமான வேறு திருகு தகடுகளைத் தாண்டி நீர் ஓடும் குழாயைத் துளைத்துவிட்டால், அந்த ரேடியேட்டர் அன்றோடு முடிந்தது.

இனி உலோகம். இதில் மட்டும் சமரசமே கிடையாது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். வாட்டர் பிளாக்குகள் பெரும்பாலும் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு, குழாயைப் பாகங்களுடன் இணைக்கும் ஃபிட்டிங்குகள் பித்தளை. எனவே ரேடியேட்டரின் உட்குழாய்களும் செம்பு அல்லது பித்தளையாகவே இருக்க வேண்டும். மலிவாக விற்கும் ரேடியேட்டர்களில் அலுமினியம் சகஜம் என்பதால், உலோகம் எது என்று தெளிவாக எழுதப்படாத எதையும் வாங்க வேண்டாம்.

பிராசஸர் பிளாக்கைத் தேர்ந்தெடுப்பது எளிது: உங்கள் மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கான பிடிமானம் உடன் வந்தால் போதும். கார்டுக்கான பிளாக் அப்படியல்ல. 4080 என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு சர்க்யூட் போர்டு வடிவமைப்புகளை விற்றிருக்கிறது. துளைகளின் இடமும் மின்பாகங்களின் உயரமும் மாறுவதால், ஒன்றுக்கான பிளாக் மற்றொன்றில் உட்காராது. கார்டின் முழு மாடல் பெயரைப் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் பார்த்து, அந்தப் பிளாக் கடையில் இன்னும் கிடைக்கிறது என்று உறுதி செய்த பிறகே கார்டை வாங்குவது நல்லது. கார்டைத் திறந்தால் உத்தரவாதம் என்ன ஆகும் என்பதையும் விற்பவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பம்ப்பும் நீர்த்தேக்கமும் ஒன்றாக இணைந்த டி5 வகை அலகு முதல் லூப்புக்குப் போதும். நீர்த்தேக்கம் பம்ப்புக்கு மேலே அமைந்திருப்பதால் நீர் தானாக இறங்கும். பம்ப் வறண்டு ஓடிப் பழுதாகும் அபாயம் குறையும். பம்ப்பின் மின்சாரத்தை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். டி5 ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கக்கூடியது. மதர்போர்டின் சாதாரண ஃபேன் இணைப்போ பொதுவாக 1 ஆம்பியருக்கானது. வேகத்தைக் காட்டும் கம்பியை மட்டும் மதர்போர்டில் செருகினால், பம்ப் நின்றவுடன் எச்சரிக்கை வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பாகத்துக்குப் பிறகு எது என்ற வரிசையைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். மணிக்கு 200 லிட்டர் நீர் ஓடும் லூப்பில் 482 வாட் முழுவதையும் வாங்கிக்கொண்டாலும் நீரின் சூடு ஒரு சுற்றில் சுமார் 2 டிகிரிதான் ஏறும். ஆகவே குழாய் எப்படிக் குறுக்கமாகவும் மடங்காமலும் போகுமோ அப்படியே வரிசையை அமைக்கலாம்.

குழாயில் முதல் முறை வளையும் ட்யூபையே தேர்ந்தெடுங்கள். வெப்பத்தால் வளைக்கும் கடினக் குழாய் அழகுதான். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் அளவும் கோணமும் சரியாக அமைய வேண்டும், ஒரு பாகத்தை மாற்றினால் குழாயையும் மாற்ற வேண்டும். ஒளி ஊடுருவும் பி.வி.சி. ட்யூப் நாளடைவில் மங்கி, தன்னை மென்மையாக வைத்திருக்கும் இளக்கி என்ற வேதிப்பொருளை நீரில் கசியவிடுவது உண்டு. கறுப்பு நிற இ.பி.டி.எம். ரப்பர் ட்யூபில் அந்தத் தொல்லை இல்லை. உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள ட்யூபின் சுவர் தடிமனானது என்பதால் வளைவில் எளிதில் நசுங்காது. ஃபிட்டிங்கில் இந்த இரண்டு அளவுகளுமே பொருந்த வேண்டும். திருகுமறை ஏறக்குறைய எல்லாப் பாகங்களிலும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான் என்பதால் அங்கே குழப்பம் வராது.

நீரில் சிக்கனம் ஆபத்தானது. குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது; இரண்டிலும் தாது உப்புகள் உண்டு. காய்ச்சி வடித்த நீரில் அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவை சேர்க்க வேண்டும், அல்லது தயாராகக் கலந்த நிறமற்ற கூலண்ட்டை வாங்க வேண்டும். பால் போன்ற வண்ணக் கூலண்ட்டுகளிலுள்ள துகள்கள் பிளாக்கின் மெல்லிய வரிகளில் படிந்து அடைத்துவிடக்கூடும்.

மேலே சொன்ன லூப்புக்கு ஃபிட்டிங் பத்து தேவை: இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், பம்ப் அலகு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கூடவே நீரை வடிக்க லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் டி வடிவ ஃபிட்டிங்கும் ஒரு சிறு வால்வும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னர் பராமரிப்புக்காக கேபினெட்டையே கவிழ்க்க வேண்டி வரும். காற்றழுத்தத்தால் கசிவைச் சோதிக்கும் சிறு பம்ப்பையும், மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல் நீர் பம்ப்பை மட்டும் ஓட்ட, எஸ்.எம்.பி.எஸ்ஸின் 24 முள் இணைப்பில் செருகும் ஜம்பரையும் அதே ஆர்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.