கான்ட்ராக்டுக்கு மாறும் முன் வருடத்தை 200 நாளாக எண்ணுங்கள்

அப்பா போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக். பல வருடம் தினக்கூலியாக ஓட்டிவிட்டுத்தான் பர்மனென்ட் ஆனார். அந்த ஆர்டர் வந்த அன்று தெருவுக்கே ஜிலேபி கொடுத்தாராம். அப்படிப்பட்ட வீட்டில் 2023 தொடக்கத்தில் ஒருநாள், "வேலையை விட்டுட்டு கான்ட்ராக்ட்ல போறேன்ப்பா" என்றேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஏம்மா, அவங்களே போகச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

அப்படியெல்லாம் இல்லை. சென்னை ஓஎம்ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 2019 ஜனவரியில் டெஸ்டராக, அதாவது சாஃப்ட்வேரில் பிழை தேடுகிற ஆளாகச் சேர்ந்தேன். வேலை பழகிவிட்டது, சம்பளம் மட்டும் நகரவில்லை. மே கடைசியில் வெளியே வந்தேன். முடிவில் தப்பில்லை, போட்ட கணக்கில்தான் தப்பு. நீங்களும் அந்த யோசனையில் இருந்தால் என் கணக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேலைக்கு வந்த முதல் இரண்டு வருடத்தில் கான்ட்ராக்ட் பக்கமே போக வேண்டாம். கான்ட்ராக்டில் வருபவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள், தெரிந்ததற்குத்தான் காசு. எனக்குக் கைவந்தது ஒன்றே ஒன்று: பேமென்ட் ஆப்புகளுக்கு ஆட்டோமேஷன் டெஸ்டிங்கை (ஆள் செய்யும் சோதனையை புரோகிராமே செய்யும்படி வைப்பது) ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்பி நிறுத்துவது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் முடிக்கிற மாதிரி ஒரு வேலையாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

அப்புறம், எச்ஆர் போனில் 'கான்ட்ராக்ட் ரோல்' என்றால், "பேரோலா, இன்வாய்ஸா?" என்று கேளுங்கள். பேரோல் என்றால் இடையில் ஒரு ஆள் சப்ளை கம்பெனி இருக்கும். அது சம்பளம் போடும், பிஎஃப் பிடிக்கும். பெயர்தான் கான்ட்ராக்ட், மற்றபடி பழைய வாழ்க்கைதான். இன்வாய்ஸ் என்றால் மாதக் கடைசியில் நீங்களே பில் அனுப்ப வேண்டும். நான் போனது இரண்டாவது வகை.

இனி என் தப்பு. என் பழைய சிடிசி, அதாவது கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செய்த மொத்தச் செலவு, 7,80,000. "ஒரு நாளைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வருடத்தில் சனி ஞாயிறு போக 260 நாள், வகுத்தால் 3,000. சொல்லிவிட்டேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த 260 நாளும் பில் போட முடியாது. பண்டிகை, அரசு விடுமுறை என்று 15 நாள் போகும். காய்ச்சல், அண்ணன் கல்யாணம், ஊர்த் திருவிழா, இன்னொரு 15. ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் இருப்பதற்கு 30 வையுங்கள். மிச்சம் 200. இந்த 200ஆல் வகுக்க வேண்டிய தொகையும் வெறும் சிடிசி அல்ல. எனக்கும் அப்பா அம்மாவுக்கும் இன்ஷூரன்ஸ் 60,000, மூன்று வருடம் ஓடக்கூடிய 90,000 ரூபாய் லேப்டாப்பில் ஒரு வருடப் பங்கு 30,000, ஆடிட்டருக்கு 10,000, இன்வெர்ட்டர், நெட் வகையறா 20,000. கூட்டினால் 9,00,000. 200ஆல் வகுத்தால் நாளுக்கு 4,500. நான் கேட்டதோ 3,000! அதாவது முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு நானே மனு போட்டிருக்கிறேன்.

ராஜினாமா மெயிலை அனுப்பும் முன் தேதியைப் பாருங்கள். பர்மனென்ட் ஊழியருக்கு கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) கிடைக்க ஐந்து வருடம் வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. எல்லாக் கம்பெனியும் தானாகக் கொடுத்துவிடாது, கேட்டு வாங்க வேண்டும். நான் கிளம்பியது நாலு வருடம் ஐந்து மாதத்தில். மாதச் சம்பளத்தில் பேசிக் 26,000; அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஐந்து வருடத்துக்குப் போட்டால் 75,000. சில மாதம் பொறுத்திருந்தால் அதற்காக வாதாடவாவது முடிந்திருக்கும். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் இல்லாமல் எடுத்தால் வரி வரும்.

கம்பெனி கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கடைசி நாளோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு சர்க்கரை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் புது பாலிசியில் மூன்று வருடம்வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் வெளியே வரும் முன்பே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் தனி பாலிசியாக மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள், பழைய வருடங்கள் கணக்கில் சேரும். வீட்டுக் கடனோ கிரெடிட் கார்டோ வேண்டுமென்றால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு வங்கிகள் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும். (பெண் பார்க்க வருபவர்களும் ஏறக்குறைய அதையே கேட்கிறார்கள்.)

முதல் பணம் எப்போது வரும் என்பது அடுத்த அதிர்ச்சி. ஜூனில் 21 நாள் வேலை பார்த்து, 30ஆம் தேதி 63,000க்கு பில் அனுப்பினேன். ஒப்பந்தத்தில் 45 நாள் தவணை. ஆகஸ்ட் 16 காலை போனில் மெசேஜ்: 56,700. பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்திருந்தார்கள். கடைசிச் சம்பளத்துக்கும் இதற்கும் நடுவில் இரண்டரை மாதம். பிஜி வாடகைக்கு அண்ணனிடம் கடன். குறைந்தது நாலு மாதச் செலவுக்காவது பணம் இல்லாமல் இறங்காதீர்கள்.

அந்த 6,300 தொலைந்துபோகவில்லை, 26ஏஎஸ்ஸில் (பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைக் கணக்கு) உங்கள் பேரில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும், குறிப்பிட்ட சில தொழில்காரர்களுக்கான வரி முறையில் வருடத்துக்கு 50 லட்சம்வரை வரவுள்ளவர்கள் அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், செலவுக்கு ரசீது சேர்க்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வருடம் பிடித்ததெல்லாம் ரீஃபண்டாக வந்தது. ஜிஎஸ்டி பதிவு பொதுவாக 20 லட்சத்தைத் தாண்டினால்தான். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போடக் கூடாது. உத்யம் பதிவை (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள், இலவசம். சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. என் இரண்டாவது பில் தள்ளிக்கொண்டே போனபோது பதிவு எண்ணை பில்லின் மேலேயே போட்டு மறுபடி அனுப்பினேன். அந்த வாரமே பணம் வந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் படியுங்கள்: யார் எத்தனை நாள் நோட்டீஸில் விலகலாம் என்பது. எனக்கு வந்த காகிதத்தில் அவர்களுக்கு 15 நாள், எனக்கு 60. இரண்டையும் 30 ஆக்கச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அப்படியே இருந்திருக்கும்.

ஆறு மாதம் முடிந்து நீட்டிக்கக் கேட்டபோது 4,500 என்றேன். பேரம் 4,200இல் நின்றது. அந்த மெயிலில் செய்து முடித்த வேலையை மட்டும் மூன்று வரியில் எழுதினேன். லேப்டாப்புக்கும் அப்பா சர்க்கரைக்கும் நான் என்ன செலவு செய்கிறேன் என்பது அவர்களுக்கு எதற்கு?