இசான் கிராமத்து வீட்டில் சொங்க்ரான்: முதல்முறை போகிறவர்களுக்கு

தாய்லாந்து நண்பர் யாராவது "சொங்க்ரானுக்கு எங்க ஊருக்கு வாங்க" என்று கூப்பிட்டால் யோசிக்காமல் சரி சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்குப் புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளும் அதே சமயம்தான் வரும். 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பண்டிகை இது. பாங்காக் தெருக்களில் நடக்கும் தண்ணீர் விளையாட்டை எந்த வருடம் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. வடகிழக்கில் இருக்கும் இசான் பகுதியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. பயணமும் அன்பளிப்பும்

பாங்காக்கில் வேலை பார்க்கும் இசான்காரர்கள் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் போவார்கள். பஸ், ரயில் எதிலும் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது, அதனால் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். சாலை விபத்துகள் அதிகம் என்பதால் இந்த வாரத்தை அங்கே 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்றே சொல்கிறார்கள். ரயில் கிடைத்தால் ரயிலிலேயே போங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்குத் துண்டு, துணி, பழம் என ஏதாவது வாங்கிப் போங்கள். சாப்பாட்டுக்குக் காசு நீட்டாதீர்கள், சங்கடப்படுவார்கள். காலையில் அவர்களோடு சந்தைக்குப் போய்க் கோழிக்கும் ஐஸுக்கும் நீங்கள் பணம் கொடுங்கள். ஏப்ரல் வெயிலில் எவ்வளவு ஐஸ் வாங்கினாலும் அந்த வீட்டில் தீர்ந்துவிடும்.

2. வீட்டுக்குள் நுழையும்போது

செருப்பை வாசலிலேயே விடுங்கள். இரு கைகளையும் கூப்பி, தலையைச் சற்றுக் குனிந்து வணங்குங்கள். நண்பரின் அப்பாவை 'ஃபோ', அம்மாவை 'மே', உங்களைவிட மூத்தவரை 'பி' என்று கூப்பிடலாம். நம் வீடுகளில் முறை வைத்துக் கூப்பிடுவதுபோலத்தான், பழக அதிக நேரம் ஆகாது. யாருக்கு நேராகவும் பாதத்தை நீட்டி உட்காராதீர்கள். குழந்தையாகவே இருந்தாலும் தலையைத் தொடாதீர்கள்.

3. அடுப்படிக்குப் போங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். விருந்தாளியாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்காதீர்கள். "உட்காருங்க, உட்காருங்க" என்று இரண்டு தடவை சொல்வார்கள். மூன்றாவது தடவை கையில் உலக்கையைக் கொடுத்துவிடுவார்கள்.

இசான் வீட்டின் அன்றாடச் சாப்பாடு ஒட்டரிசிச் சோறு, அதாவது 'காவ் நியாவ்'. அரிசியை முந்தின இரவே ஊறப்போடுவார்கள். காலையில் வடிகட்டி, 'ஹுவாட்' என்ற கூம்பு வடிவ மூங்கில் கூடையில் போட்டு, கொதிக்கும் பானையின் வாயில் வைத்து ஆவியில் வேகவிடுவார்கள். பாதி வெந்ததும் கூடையை ஒரு குலுக்குக் குலுக்க, சோறு முழுவதும் ஒரே கட்டியாகப் புரண்டு, மேல்பக்கம் கீழே போய்விடும். அதை வேடிக்கை மட்டும் பாருங்கள், முதல் நாளே செய்துபார்க்க வேண்டாம். வெந்ததைத் தட்டில் கொட்டி, மரக் கரண்டியால் பரப்பி ஆவியை விரட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் சோறு நசநசத்துப் போகும். பிறகு மூடி போட்ட சிறு கூடையான 'க்ரதிப்'பில் அடைப்பார்கள்.

புதியவருக்கு ஏற்ற வேலை, லாப்புக்கு அரிசி வறுப்பது. லாப் என்பது பொடியாகக் கொத்திய இறைச்சியில் எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, மிளகாய்த் தூள், சின்ன வெங்காயம், புதினா எல்லாம் சேர்த்துக் கலப்பது. அதற்கு மணம் தருவது வறுத்த அரிசிப் பொடி. பச்சை ஒட்டரிசியை எண்ணெயில்லாத வாணலியில் சிறு தீயில் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை மாறி, பொன்னிறம் தாண்டி, லேசான பழுப்புக்கு வரும்போது வீடே மணக்கும். ஆறவைத்து இடியுங்கள். மாவாக்கிவிடாதீர்கள், பல்லில் நறநறவென்று படுகிற பதம் போதும்.

பப்பாளிக்காய்ச் சாலட்டான சொம் தாமை இடிக்கும்போது மிளகாய் எத்தனை என்று கேட்பார்கள். வீரம் காட்டாமல் ஒன்று என்று சொல்லுங்கள். அதில் 'பிளா ரா' என்ற ஊறிய மீன் சாறு சேரும், மணம் தூக்கலாக இருக்கும். சைவம் என்றால் மீன் சாறும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். இறைச்சி மட்டும்தான் விலக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

4. முதல் பங்கு கோயிலுக்கு

சமைத்ததில் முதல் பங்கு புத்த விகாரைக்குப் போகும். முழங்கால், தோள் மறையும் உடை போடுங்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. பிக்குகள் சாப்பிட்ட பிறகு, ஊரார் கொண்டுவந்ததையெல்லாம் அங்கேயே பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். புத்தர் சிலைக்கு மணநீர் ஊற்றுவதும் இங்கேதான்.

5. பெரியவர்களின் கையில் நீர்

மல்லிகை மிதக்கும் கிண்ணத்தோடு பாட்டியின் முன்னால் மண்டியிடுங்கள். அவர் நீட்டும் உள்ளங்கைகளில் நீரை மெதுவாக ஊற்றுங்கள். அவர் முணுமுணுத்தபடி ஆசி சொல்வார், மொழி புரியாவிட்டாலும் கைகூப்பித் தலைகுனிந்து முழுவதையும் கேளுங்கள். ஈரக் கையால் உங்கள் தலையைத் தடவவும் செய்வார். எனக்கு இந்தப் பண்டிகையிலேயே பிடித்தது இதுதான். சில வீடுகளில் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள், மூன்று நாளாவது கழற்றாதீர்கள்.

6. பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது

எல்லாம் நடுவில் இருக்கும், எல்லோரும் சுற்றி. வலது கையால் சோற்றை ஒரு கிள்ளு எடுத்து, விரல்களுக்குள் அழுத்தி, சின்ன உருண்டையாக்கி, 'ஜேவ்' என்ற காரச் சட்னியில் தொட்டு வாயில் போடுங்கள். கையால் சாப்பிட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இங்கே பிசையக்கூடாது. எடுத்ததும் க்ரதிப்பை மூடுங்கள், சோறு காய்ந்துவிடும்.

பச்சை மீன், பச்சை இறைச்சி வந்தால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். இசானின் நன்னீர் மீனில் இருக்கும் கல்லீரல் தட்டைப்புழு, நாளடைவில் பித்தக்குழாய்ப் புற்றுநோய்வரை கொண்டுபோகலாம். வேகவைத்தது வேண்டும் என்பதற்கு 'சுக்' என்றால் போதும். அரிசிச் சாராயம் ஒரே கிளாஸில் சுற்றி வரும். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும்.

சாப்பிட்டதும் பாத்திரம் கழுவ எழுந்துவிடுங்கள். கிளம்பும்போது வாழையிலையில் சோறும் வறுத்த கோழியும் கட்டித் தருவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டரிசி மறுநாளைக்குக் கல்லாகிவிடும். ரயிலிலேயே பிரித்துச் சாப்பிட்டுவிடுங்கள்.