சின்னப் பாய்ப்படகில் கயிறு சிக்காமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைத் துறைமுகத் தடுப்புச்சுவருக்கு உள்ளே ஒரு பிற்பகல். கடல்காற்று ஏறிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன் லேசர் படகில், பாயை நன்றாக இழுத்துப் பிடித்து, காற்றுக்கு நெருக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு காற்று வீச்சு. அவன் செய்தது சரிதான்: கையிலிருந்த கயிற்றைச் சட்டென்று விட்டான். அது இரண்டு முழம் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. காலடியில் கிடந்த சுருளிலிருந்து ஒரு கண்ணி எழும்பி, முடிச்சாகி, கப்பியின் வாயை அடைத்துக்கொண்டது. இழுத்த பாய் இழுத்தபடியே நின்றது. மூன்று நொடியில் படகு கவிழ்ந்தது.

கரையேறியதும் அவனிடம் கேட்டேன், கயிற்றை எப்படி வைத்திருந்தாய் என்று. "நல்லா சுத்தி வெச்சிருந்தேன்ணா" என்றான். சிக்கல் அங்கேதான் தொடங்கியிருந்தது. கயிற்றைப் பார்க்க ஒழுங்காக வைப்பது வேறு, அது தடையில்லாமல் ஓடும்படி வைப்பது வேறு. புதிதாக வருகிறவர்கள் செய்கிற பிழைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

லேசரை வைத்தே சொல்கிறேன். இப்போது அதற்கு ஐஎல்சிஏ என்று பெயர் மாறிவிட்டது, ஆனாலும் படகுத்துறையில் லேசர் என்பதுதான் வாயில் வருகிறது. 4.23 மீட்டர் நீளம், ஓட்டுவது ஒரே ஆள், ஒரே பாய். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய வகைக்குப் பாய் 7.06 சதுர மீட்டர். சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியதும் இதே படகுதான், பாய் மட்டும் சிறியது, 5.76 சதுர மீட்டர். அந்தப் பாயின் இழுப்பு முழுவதும், பதின்மூன்று பதினான்கு மீட்டர் நீளமுள்ள ஒரே கயிறு வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. அதுதான் மெயின்ஷீட். நம் கடலோடிகளின் பழைய சொல்லில் தாமான். பாயை நெருக்கி இழுத்திருக்கும்போது இந்தக் கயிற்றில் பெரும்பகுதி காக்பிட்டில், அதாவது ஓட்டுபவர் கால் வைக்கும் குழியில், உங்கள் காலைச் சுற்றித்தான் கிடக்கும்.

அழகாகச் சுருட்டி வைப்பது

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே புரியும். ராட்டினத்தில் வாளியை இழுக்கும்போது கயிறு காலடியில் குவியலாக விழும். யாரும் அதைச் சுருட்டுவதில்லை. முதலில் இழுத்த பகுதி அடியில் இருக்கும், கடைசியாக இழுத்தது மேலே இருக்கும். வாளியை மறுபடி இறக்கினால் மேலே இருப்பதே முதலில் போகும். சிக்காமல், தயங்காமல் அடிவரைக்கும் போய்ச் சேரும். மெயின்ஷீட் கிடக்க வேண்டியதும் அப்படித்தான்.

அந்தக் குவியலை எடுத்துக் கையில் வட்டம் வட்டமாகச் சுற்றினால் என்ன ஆகிறது? சுற்றிய வட்டம் ஒவ்வொன்றும், நேராக இழுபடும்போது கயிற்றில் ஒரு முழு முறுக்கை விட்டுச் செல்கிறது. வீட்டில் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாயின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நடுவில் மடிந்து மடிந்து எழும்பும். படகில் இழுப்பது காற்று. அதன் வேகத்தில் அந்த மடிப்புகள் கண்ணிகளாகி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, கப்பிக்கு வரும்போது முடிச்சாகியிருக்கும். நுனியைச் சுருளின் மேலே போட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம். நுனி ஏதாவது ஒரு வட்டத்துக்குள் புகுந்துவிட்டால் அது உண்மையான முடிச்சு, உதறினால் போகாது.

அதனால் புறப்படும் முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கயிற்றின் சும்மா கிடக்கும் நுனியை, அதாவது வால்முனையைப் பிடித்துக் காக்பிட்டின் அடியில் போடுங்கள். அங்கிருந்து தொடங்கி, கையில் சுற்றாமல், உள்ளங்கை வழியே ஓடவிட்டு அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே கப்பி வரைக்கும் வாருங்கள். பார்க்க நூடுல்ஸ் மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும். கடலில் நீங்கள் இழுக்க இழுக்கக் கயிறு தானாகவே சரியான வரிசையில்தான் விழுகிறது. வரிசையைக் கெடுப்பவை கால்களும் காக்பிட்டில் தேங்கிய தண்ணீரும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறி உட்காரும் ஒவ்வொரு முறையும் பாதம் அதைக் கலக்கிவிடும். ஆகவே மிதவையைச் சுற்றித் திரும்பி, கயிற்றை விட்டுப் பாயைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு அரை நிமிடம் முன்னால் குவியலை ஒருமுறை பாருங்கள். காலை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலே கிடக்க வேண்டிய பகுதி மேலே இருக்கிறதா என்று கையால் ஒரு இழுப்பு. எனக்குத் தெரிந்து வேறெந்தப் பழக்கமும் இவ்வளவு முடிச்சுகளைத் தடுத்ததில்லை.

சில வாரங்கள் ஓட்டியபின், எவ்வளவு கவனமாக இருந்தாலும் கயிற்றில் முறுக்கு ஏறியே தீரும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. காற்று மெதுவாக இருக்கும் நாளில், வால்முனையை அவிழ்த்துக் கயிற்றைப் படகுக்குப் பின்னால் தண்ணீரில் விட்டு, சில நிமிடம் இழுத்துக்கொண்டு போங்கள். கயிறு தண்ணீரில் தானே சுழன்று சுழன்று முறுக்கை உதறிவிடும். பக்கத்தில் மோட்டார் படகு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். கயிறு புரொபெல்லரில் சுற்றினால் இரண்டு படகுக்கும் ஆபத்து.

ஜைப்பில் பின்மூலையை மறப்பது

லேசர் ஓட்டிய அனைவருக்கும் இது நடந்திருக்கும். எனக்குப் பல தடவை நடந்தது. காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது, பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கழியான பூமை மறுபக்கம் மாற்றுகிறோம், அதுதான் ஜைப். பூம் நடுவை நெருங்கும்போது அதன் முனைக்கும் படகுக்கும் இடையிலுள்ள கயிறு தளர்ந்து தொங்குகிறது. தொங்கிய அந்தக் கண்ணி படகின் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்கிறது. பூம் மறுபக்கம் போக, கயிறு மூலையில் விறைத்து நிற்க, பாய் பாதியில் அகப்பட்டுப் படகு சுழலத் தொடங்கும். அந்த நேரத்தில் சுக்கானைத் திருப்பும் பிடியான டில்லரை விட்டுவிட்டுப் பின்னால் எட்டிக் கயிற்றை எடுக்கப் போனால், உடல் எடையும் பின்னால் போய்விடும். கவிழ்வதைத் தவிர வேறு வழி இராது.

தீர்வு கயிறு தளரும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. ஜைப்புக்கு முன்பே இரண்டு மூன்று கை நீளம் கயிற்றை உள்ளே இழுத்து வையுங்கள். பூம் நடுக்கோட்டைத் தாண்டும் அந்த நொடியில், பூமுக்கும் உங்கள் கைக்கும் நடுவே உள்ள கயிற்றைப் பிடித்து மேல்நோக்கி ஒரு வெடுக். தொங்கிய பகுதி மூலைக்கு மேலே எம்பி உள்ளே வந்துவிடும். முன்பே வெடுக்கினால் கயிறு மறுபடி தளர்ந்துவிடும், தாண்டியபின் என்றால் அது ஏற்கெனவே மாட்டியிருக்கும். பின்பக்கத்தில் குறுக்கே கட்டியிருக்கும் டிராவலர் கயிறு தளர்ந்திருந்தால் இந்தத் தொல்லை இரண்டு மடங்காகும். அதைக் கரையிலேயே விறைப்பாக இழுத்துக் கட்டிவிட வேண்டும்.

இரண்டு மூன்று வால்கள் ஒன்றாகக் கிடப்பது

வேங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் என்று பாயின் வடிவத்தை மாற்றும் மூன்று கயிறுகள் பாய்மரத்தின் அடியிலிருந்து வருகின்றன. கடையில் வாங்கிய நீளத்திலேயே அவற்றை விட்டுவைப்பவர்கள் அநேகம். மிச்ச நீளம் காக்பிட்டுக்குள் சரிந்து மெயின்ஷீட்டோடு பின்னிக்கொள்ளும். பாயை முழுவதும் தளர்த்தத் தேவையான நீளம் எவ்வளவு என்று கரையில் அளந்து, கைப்பிடிக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, மீதியை வெட்டிவிடுங்கள். வெட்டிய நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பிரிந்துபோன இழைகளே புதிய சிக்கலாகும். வால்களை மெல்லிய எலாஸ்டிக்கால் முன்பக்கம் இழுத்துக் கட்டினால் டெக்கின் மேலேயே நிற்கும். மூன்றும் மூன்று நிறம் என்றால் அவசரத்தில் கை தடுமாறாது.

மெயின்ஷீட்டின் வால்முனையில் எட்டு முடிச்சு, அதாவது 8 வடிவ முடிச்சு ஒன்று, போட மறக்கக் கூடாது. கயிறு கப்பியை விட்டு முழுதாகக் கழன்று போகாதபடி முடிச்சோ கட்டோ இருக்க வேண்டும் என்பது அந்த வகைப் படகின் விதியிலேயே இருக்கிறது. நான் அந்த முனையை, வெளியே சாயும்போது பாதத்தை மாட்டிக்கொள்ளும் கால்பட்டையின் அடியில் கட்டிவிடுவேன். கட்டப்பட்ட நுனி எந்தக் கண்ணிக்குள்ளும் புகுந்து போக முடியாது அல்லவா? சாதாரண ஒற்றை முடிச்சு போட்டால் அது உப்புத் தண்ணீரில் இறுகிப் பல்லால் கடித்தாலும் அவிழாது. எட்டு முடிச்சை முதுகில் மடக்கித் தள்ளினால் இளகிவிடும்.

கையில் சுற்றிக்கொள்வது

கை வலிக்கிறது, வழுக்குகிறது என்று கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கயிறு சிக்கினால் படகு கவிழும், ஏறி உட்கார்ந்து மறுபடி ஓட்டலாம். கையில் சுற்றிய கயிறு வீச்சில் இறுகினால் விரலுக்கே சேதம், கவிழ்ந்தபின் கையை உருவ முடியாமல் தண்ணீருக்கடியில் மாட்டவும் கூடும். வலிக்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. காக்பிட் நடுவிலுள்ள, ஒரு திசையில் மட்டும் சுழலும் ராட்செட் கப்பியில் கயிற்றைத் தலைகீழாகக் கோத்திருப்பீர்கள். சரியாகக் கோத்தால் இழுக்கும்போது கடகடவென்று சத்தம் வரும், விடும்போது கப்பி கயிற்றைப் பிடித்துப் பாதிச் சுமையைத் தாங்கும். சத்தம் வரவில்லையா? கப்பியின் பொத்தான் அணைந்திருக்கிறது, அல்லது கோத்த திசை தவறு.

மீன்பிடிக் கடையில் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றை மெயின்ஷீட்டாக மாட்டுவதும் கையைப் பதம் பார்க்கும். வெயிலில் விறைத்து, வளைந்த வடிவத்திலேயே நிற்கும், சிக்கும். ஆனால் அது மிதக்கும், அதனால் படகை இழுத்துச் செல்லும் கயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகில் இழுகயிறு மிதக்கும் வகையாக, ஒரே துண்டாக, குறைந்தது 8 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அதை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அள்ளிப் போட்டுவிட்டுப் போகாமல் பாய்மரத்தடியில் கட்டி வையுங்கள்.

சிக்கியபின் நுனியைப் பிடித்து இழுப்பது

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒரு நாள் சிக்கும். அப்போது கை தானாக நுனியைத் தேடி இழுக்கப் பார்க்கும். இழுத்தால் உள்ளே தளர்வாக இருக்கும் கண்ணிகள் எல்லாம் இறுகிவிடும். முதலில் அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பாய் படபடக்கும்படி விடுங்கள், கயிற்றில் இருந்த பளு போய்விடும். பிறகு முடிச்சை இழுக்காமல், வெளிப்பக்கமாகப் பிய்த்துப் பெரிதாக்குங்கள், தலைமுடிச் சிக்கை விரலால் தளர்த்துவது போல. நடு ஓட்டை பெரிதாகும்போது எந்தக் கண்ணி எதற்கு மேல் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நுனி முடிச்சுக்குள் போகாதவரை அது வெறும் பின்னல்தான், நாலு உதறலில் பிரிந்துவிடும்.

கவிழ்ந்த படகில் என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. நிமிர்த்தும் முன் மெயின்ஷீட் தளர்வாக இருக்கிறதா, காலிலோ கழுத்திலோ சுற்றவில்லையா என்று தடவிப் பாருங்கள். இறுகிய கயிற்றோடு நிமிர்த்தினால் படகு எழுந்த வேகத்தில் காற்றைப் பிடித்து மறுபக்கம் விழும். முனை மழுங்கிய ஒரு சின்னக் கத்தி லைஃப் ஜாக்கெட் பையில் எப்போதும் இருக்கட்டும். கயிறு போனால் புதிதாக வாங்கலாம்.

கரைக்கு வந்ததும் களைப்பில் ஈரக் கயிற்றை அப்படியே படகுக்குள் சுருட்டிப் போட்டு உறை மூடிவிடுவார்கள். காயும் உப்பு அதைக் கம்பி மாதிரி ஆக்கிவிடும், அடுத்த வாரச் சிக்கல் இன்றைக்கே தயாராகிறது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையில் வட்டமாகச் சுற்றாமல், கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவே எட்டுப் போல மாற்றி மாற்றிப் போட்டு, நிழலில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் ஏறும் முறுக்கை மறுபக்கத்து மடிப்பு அவிழ்த்துவிடும். மறுநாள் காலையில் எடுத்து உள்ளங்கை வழியே ஓடவிடும்போது அது மெத்தென்று ஓடும்.