அரபு நாட்டு அரசியலமைப்பில் மதத்தின் இடத்தைக் கண்டறிவது எப்படி?

தலைவர் தாடி வைத்திருக்கிறாரா, கோட்டு போட்டிருக்கிறாரா என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அரசியலமைப்பைத் திறந்து பாருங்கள்.

முதலில் அரச மதம் குறித்த பிரிவு, அதையொட்டி ஷரீஅத், அதாவது இஸ்லாமியச் சட்டநெறி, பற்றிய வாசகம். இங்கே நிதானம் தேவை. எகிப்தின் 1971 சாசனத்தில் ஷரீஅத் கோட்பாடுகள் சட்டத்துக்கு முதன்மை ஆதாரங்களில் ஒன்று. 1980 திருத்தத்தில் அவையே முதன்மை ஆதாரம். உடனே எல்லாச் சட்டமும் மாறிவிட்டதாக நினைத்தால் தவறு. திருத்தத்துக்குப் பிந்தைய சட்டங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்று உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் 1985இல் சொல்லிவிட்டது. ஆகவே சாசனத்தோடு தீர்ப்பையும் சேர்த்தே படியுங்கள்.

அடுத்து, ஆட்சித் தலைவரின் மதம். பாத் கட்சி ஆண்ட சிரியாவின் 2012 சாசனத்தில் அரச மதம் கிடையாது. ஆனால் அதிபர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றது 3ஆம் பிரிவு. லெபனானில் இதைச் சாசனத்தில் தேடிப் பயனில்லை. அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா என்பது 1943இன் எழுதப்படாத உடன்பாடு.

கடைசியாகக் குடும்பச் சட்டம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். துனிசியா இஸ்லாத்தைச் சாசனத்தில் வைத்துக்கொண்டே, 1956 சட்டத்தால் பலதார மணத்தைத் தடைசெய்தது. அரச மதமே இல்லாத லெபனானிலோ திருமணமும் விவாகரத்தும் மதப் பிரிவுகளின் கையில். பதிவுத் திருமணம் வேண்டுவோர் பலர் சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள்.