பீர் நொதிப்பது பாதியில் நின்றுவிட்டதா? புது ஈஸ்ட் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

வாளியில் ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் ஆகியும் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும், மூடியில் செருகிய குழாய்) ஒரு குமிழிகூட இல்லை. அல்லது முதல் இரண்டு நாள் படபடவென்று குமிழி விட்டது, அப்புறம் சத்தமே காணோம். வீட்டில் முதன்முறையாகப் பீர் காய்ச்சும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்பதற்கு முன்பே இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டியவர்களும் உண்டு. அவசரமே வேண்டாம். புது ஈஸ்ட் கடைசி வழி. அதற்கு முன்பே பெரும்பாலான பீர் சரியாகிவிடும்.

நான் காய்ச்சுவது டொராண்டோவில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில். கனடாவில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பதெல்லாம் 20 லிட்டர் அளவில், ஏல் ஈஸ்ட் (அறை வெப்பத்தில் நொதிக்கும் வகை) போட்டுச் செய்யும் சாதாரண பீருக்கானது.

படி 1: குமிழியை வைத்து முடிவு செய்யாதீர்கள்

வாளி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் கரியமில வாயு ஓரமாகவே கசிந்துவிடும். உள்ளே நொதித்தல் மும்முரமாக நடக்கும், ஏர்லாக் அசையாது. வேலை முடிந்துபோன பீரிலும் அறை சூடேறினால் கரைந்திருந்த வாயு கிளம்பிக் குமிழி வரும். அதனால் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே நுரை இருக்கிறதா? அல்லது நுரை ஏறி இறங்கிய பழுப்பு வளையம் வாளிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது.

ஈஸ்ட் போட்டபின் 12 முதல் 24 மணி நேரம் எதுவும் தெரியாமல் இருப்பது சகஜம். 72 மணி நேரம் வரை பொறுக்கலாம். அதன் பிறகும் நுரையும் இல்லை, அடர்த்தியும் (அளக்கும் விதம் படி 2-ல்) இறங்கவில்லை என்றால் ஈஸ்ட் செத்திருக்கும். பாக்கெட் பழையதாக இருந்திருக்கலாம், கொதித்த வோர்ட் (நொதிக்காத மால்ட் சர்க்கரைக் கரைசல்; மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்) நன்றாக ஆறுமுன் போட்டிருக்கலாம். இந்த ஒரு நிலையில் மட்டும் தயங்காமல் புது ஈஸ்ட் போடுங்கள். 20 லிட்டருக்கு 11 கிராம் பாக்கெட் ஒன்று போதும்.

படி 2: ஹைட்ரோமீட்டரால் இரண்டு முறை அளங்கள்

ஹைட்ரோமீட்டர் என்பது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடி மிதவை; தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடக் கூட எண் ஏறும். சானிடைசரில் (கிருமிநீக்கி) நனைத்த கரண்டியால் அளவுக் குழாய் நிறையும் அளவுக்குப் பீரை எடுங்கள். குழாயைச் சமதளத்தில் வைத்து, ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு, தண்டை விரலால் ஒரு சுற்று சுழற்றுங்கள். அதில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழிகள் கழன்றால்தான் அளவு சரியாக வரும். ஒட்டிக்கொண்டால் தண்டு மேலே தூக்கிக் காட்டும். கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். தண்டை ஒட்டித் திரவம் லேசாக மேலேறி நிற்கும். அந்த ஏற்றத்தைப் படிக்காமல் தட்டையான மட்டத்தைப் படிக்க வேண்டும். அளந்ததைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். ஒரு வாய் குடித்துப் பாருங்கள்; இனிப்பு எவ்வளவு மிச்சம் என்பது நாக்குக்கும் தெரியும்.

மூன்று நாள் கழித்து மறுபடி அளங்கள். ஒரு புள்ளியாவது (அதாவது 0.001) இறங்கியிருந்தால் பீர் நிற்கவில்லை, மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஆல்கஹால் சேர்ந்ததும் அது தப்பாகக் காட்டும். 1.052-ல் தொடங்கி 1.013-ல் ஒழுங்காக முடிந்த பீரை, திருத்தக் கணக்கு போடாமல் பார்த்தால் 1.025 போலத் தெரியும். நிற்காத பீரை நின்றுவிட்டதாக நினைத்துக் கலங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 3: எங்கே முடிய வேண்டும் என்று கணக்கு போடுங்கள்

ஏல் ஈஸ்ட் பொதுவாகச் சர்க்கரையில் 70 முதல் 80 சதவீதத்தைத் தின்னும். தொடக்க அடர்த்தி 1.052 என்றால், 52-ல் முக்கால் பங்கு போய்ச் சுமார் 13 மிஞ்சும், ஆக 1.013 பக்கம் முடிய வேண்டும். மால்ட் சாறு டின்னில் செய்த பீர் 1.018, 1.020-லேயே முடிவதுண்டு. தானியத்தை 70 டிகிரிக்கு மேல் ஊறவைத்திருந்தாலும் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை அதிகமாகிவிடும். லாக்டோஸ் (பால் சர்க்கரை) போட்ட ஸ்டவுட்டும் (கறுப்புப் பீர்) இப்படித்தான். இவற்றை எழுப்ப முடியாது, அவை முடிந்துவிட்டவை.

படி 4: சூடு கொடுங்கள்

போன பிப்ரவரியில் நான் போட்ட பேல் ஏல் 1.052-ல் தொடங்கி, ஆறாம் நாள் 1.026-ல் நின்றது. ஒன்பதாம் நாளும் அதே 1.026. வாளியில் ஒட்டியிருந்த பட்டை வெப்பமானி 15 டிகிரி காட்டியது. முதல் இரண்டு நாள் 19 இருந்ததே, என்ன ஆயிற்று?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நொதித்தல் வேகமாக நடக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை உண்டாக்கும். வாளி அறையைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். வேகம் குறைந்ததும் அந்த வெப்பம் நின்று, வாளி அறையின் குளிருக்கு இறங்கிவிடும். சரியாக ஈஸ்ட் களைத்திருக்கும் நேரத்தில் குளிரும் சேர, அது உருண்டு திரண்டு அடியில் படிந்து தூங்கிவிடும். சட்டென்று படியும் ஆங்கிலேய ஏல் ஈஸ்ட் வகைகளில் இது இன்னும் அதிகம். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் கிடக்கும்போது ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டு வைக்கிறோமே, இங்கேயும் மருந்து அதேதான்.

வாளியை மெதுவாக மேல்மாடிக்குத் தூக்கிப் போனேன். கம்பளியைச் சுற்றி, ஹீட்டிங் பெல்ட் கட்டி, இரண்டு நாளில் 21 டிகிரிக்கு ஏற்றினேன். ஒரேயடியாகச் சூடேற்ற வேண்டாம். ஏல் ஈஸ்ட்டுக்கு 20 முதல் 22 போதும். சேசான் (ஒரு பெல்ஜியப் பீர் வகை) ஈஸ்ட்டில் சில வகைகள் மட்டும் விதிவிலக்கு, அவை 1.035 பக்கம் நின்றுகொண்டு 30 டிகிரி கேட்கும்.

சூடேற்றும்போதே மூடியைத் திறக்காமல் வாளியைச் சாய்த்து வட்டமாக அசைத்து அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்புங்கள், நாளுக்கு இரண்டு முறை. குலுக்கித் தளும்ப விடாதீர்கள். நொதித்த பீரில் காற்று கலந்தால் நனைந்த அட்டை வாசம் வந்துவிடும். காற்றூட்டுவதெல்லாம் ஈஸ்ட் போடும் நாளோடு சரி.

படி 5: சந்தேகம் இருந்தால் ஒரு ஜாடி

அரை லிட்டர் பீரைத் தனியே எடுத்து, அரைப் பாக்கெட் ஈஸ்ட் போட்டு, 25 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, அடிக்கடி சுழற்றிவிடுங்கள். ஜாடியிலும் அளவு இறங்கவில்லையா? வோர்ட்டில் தின்ன எதுவும் மிச்சமில்லை, பீர் முடிந்துவிட்டது. ஜாடியில் மட்டும் இறங்கினால் வாளியில் உள்ள ஈஸ்ட்தான் சோர்ந்திருக்கிறது.

படி 6: புது ஈஸ்ட்

ஆல்கஹால் நிறைந்த பீரில் உலர்ந்த ஈஸ்ட்டை அப்படியே தூவினால் பெரும்பாலும் அடியில் போய்க் கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் சாறு கொதிக்கவைத்து ஆற்றி, அதில் ஈஸ்ட்டைப் போட்டு, நுரை பொங்கி நிற்கும் நேரத்தில் மொத்தமாக வாளியில் சேருங்கள்.

நின்ற பீரை மட்டும் பாட்டிலில் அடைக்காதீர்கள். என் பீரை 1.026-லேயே அடைத்திருந்தால், மிச்சமிருந்த 12 புள்ளியும் பாட்டிலுக்குள் நொதித்திருக்கும். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய அரைப் பங்கு வாயு என்று வைத்தால், பீரின் கொள்ளளவைப்போல் ஆறு மடங்கு வாயு. சாதாரண பாட்டில் பீரில் இருப்பது இரண்டரை மடங்குதான். கண்ணாடி வெடித்துச் சிதறும். முகத்திலும் கையிலும் படும்.

அந்த பேல் ஏலுக்குப் புது ஈஸ்ட் தேவைப்படவில்லை. சூடேறிய மூன்றாம் நாள் 1.021, அப்புறம் 1.016, அடுத்து 1.014. மூன்று நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறை அதே 1.014 வந்த பிறகுதான் பாட்டில்களைக் கழுவ எடுத்தேன்.